மின்சிகரெட் ஒழுகுவது ஏன், தடுப்பது எப்படி?

மை ஊற்றி எழுதும் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பள்ளிக்குப் போனவர்களுக்கு, மதிய மணி அடிப்பதற்குள் பையின் அடியில் நீலக் கறை படர்வதும், "பேனா கக்கிடுச்சு" என்று முனகிக்கொண்டே குழாயடிக்கு ஓடுவதும் மறந்திருக்காது. மை நிறைந்திருந்த காலையில் ஒழுங்காக எழுதிய அதே பேனா, மை பாதிக்கும் கீழே இறங்கிய பிறகுதான் அதிகம் கக்கியது என்பதைக் கவனித்தவர்கள் சிலராகத்தான் இருப்பார்கள். மின்சிகரெட் ஒழுகுவதற்கான காரணத்தையும் அதைத் தடுக்கும் வழியையும் புரிந்துகொள்ள, இந்த ஒரு கவனிப்பிலிருந்து தொடங்குவதே எளிது.

முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் ஆகிய அனைத்தையும் தடை செய்திருக்கிறது. சிங்கப்பூரில் ஒன்றைக் கையில் வைத்திருப்பதே குற்றம். எனவே, இது சட்டப்படி விற்கப்படும் பிரிட்டனை மனத்தில் வைத்தே இங்கே எழுதுகிறேன். அங்கே உள்ளிருக்கும் திரவம் தீர்ந்ததும் தூக்கி எறியும் வகைகளின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டதால், அதுவரை திரவத்தைக் கண்ணாலும் பார்த்திராத பலர், புட்டியிலிருந்து தாங்களே ஊற்றிக்கொள்ளும் கருவிகளுக்கு மாற வேண்டியதாயிற்று. சிகரெட்டை விட்டொழிப்பதற்காக இதைக் கையில் எடுத்த என் மைத்துனரும் அவர்களில் ஒருவர். மாறிய முதல் வாரத்திலேயே அவருடைய கம்பளிக் கோட்டின் பையில் மாம்பழ வாசனையுடன் பிசுபிசுப்பான ஈரம் ஊறியிருந்தது. கருவி பழுது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். கருவியில் ஒரு பழுதும் இல்லை.

மின்சிகரெட்டின் உள்ளமைப்பு பார்ப்பதற்குச் சிக்கலாகத் தோன்றினாலும், வேலை செய்யும் விதத்தில் அது ஒரு விளக்குதான். விளக்கில் எண்ணெய், திரி, சுடர் என்று மூன்று இருப்பதைப் போல, இதில் திரவம், பஞ்சுத் திரி, மின்சாரத்தால் சூடாகும் கம்பிச் சுருள் என்று மூன்று இருக்கின்றன. டேங்க் எனப்படும் சிறு தொட்டியில் திரவம் நிற்கும். அதன் நடுவே ஒரு குறுகிய புகைக்குழாய் மேலிருந்து கீழாக ஓடும். குழாயின் அடிப்பகுதியில், காயில் என்று கடைக்காரர்கள் சொல்லும் உலோக உருளை பொருந்தியிருக்கும். அந்த உருளையின் சுவரில் சில துளைகள் உண்டு. துளைகளை உட்புறமாக அடைத்தபடி பஞ்சும், பஞ்சுக்கு உள்ளே கம்பிச் சுருளும் இருக்கும். பயன்படுத்துபவர் இழுக்கும்போது, அடியிலோ பக்கவாட்டிலோ உள்ள காற்றுத் துளை வழியாக வெளிக்காற்று நுழைந்து, சூடான சுருளைக் கடந்து, ஆவியைச் சுமந்துகொண்டு வாய்க்குழலுக்கு ஏறும்.

இந்த அமைப்பில் வியப்புக்குரிய ஒன்றைக் கவனியுங்கள். தொட்டியின் அடியில் துளை இருக்கிறது, அந்தத் துளையில் பஞ்சுதான் இருக்கிறது, பஞ்சுக்கு அப்பால் வெளிக்காற்றுக்குத் திறந்த வழி இருக்கிறது. அப்படியிருக்க, திரவம் முழுவதும் கீழே வழிந்து போய்விடாமல் நிற்பது எப்படி? ஏன் ஒழுகுகிறது என்று கேட்பதற்கு முன்னால், ஏன் ஒழுகாமல் இருக்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது.

வீட்டில் இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்திருப்பவர்களுக்கு விடை தெரியும். கேன் தலைகீழாக நிற்கிறது, வாய் திறந்திருக்கிறது, ஆனாலும் தண்ணீர் கொட்டிவிடுவதில்லை. குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தால்தான் "குளுக்" என்று ஒரு காற்றுக் குமிழி மேலே ஏறுகிறது. ஏறிய காற்றின் அளவுக்கே தண்ணீர் இறங்குகிறது. காற்று உள்ளே போகாதவரை நீர் வெளியே வராது, ஏனெனில் கேனின் மேற்புறத்தில் அடைபட்ட காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றே குறைவாக இருந்து, நீரைப் பிடித்து நிறுத்துகிறது. மின்சிகரெட்டின் தொட்டியிலும் இதுவே நடக்கிறது. ஈரமான பஞ்சு, நுண்புழைக் கவர்ச்சியினால் திரவத்தைத் தன் இழைகளுக்குள் பற்றிக்கொண்டு, காற்று எளிதில் புகாத ஒரு கதவாக நிற்கிறது. ஒவ்வொரு இழுப்பின்போதும் கொஞ்சம் திரவம் ஆவியாகிப் போக, அதன் இடத்தை நிரப்ப ஒரு சிறு குமிழி பஞ்சைத் துளைத்து மேலே ஏறுகிறது. கண்ணாடித் தொட்டியை உற்றுப் பார்த்தால் இந்தக் குமிழியைக் கண்ணாலேயே காணலாம்.

ஆகவே ஒழுகல் என்பது திரவத்தின் சிக்கல் அன்று, காற்றின் சிக்கல். வரக்கூடாத இடத்திலிருந்து காற்று உள்ளே வந்திருக்க வேண்டும், அல்லது உள்ளே இருந்த காற்று விரிந்திருக்க வேண்டும், அல்லது கதவாக நின்ற பஞ்சு கதவாக இல்லாமல் போயிருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் இருபது முப்பது அறிவுரைகளை மனப்பாடம் செய்வதைவிட இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்வது பயன்தரும் என்பது என் கருத்து.

திரவத்தைப் பிடித்து நிறுத்தும் அந்த அழுத்த வேறுபாடு எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், இந்தக் கருவிகள் ஒழுகுவதில் வியப்பே இல்லை என்று தோன்றும். தொட்டியில் திரவம் 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்பதாக வைத்துக்கொண்டால், அதைத் தாங்கி நிறுத்தத் தேவையான வேறுபாடு ஏறத்தாழ 225 பாஸ்கல். அதாவது வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 450இல் ஒரு பங்கு. அடைபட்ட காற்றின் வெப்பநிலை அறைச் சூட்டிலிருந்து ஒரு பாகை உயர்ந்தால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 293இல் ஒரு பங்கு கூடுகிறது. ஒரே ஒரு பாகைச் சூடு, காகிதக் கணக்கின்படி, முழுப் பிடிப்பையும் தளர்த்திவிடப் போதுமானது. நடைமுறையில் பஞ்சு இன்னும் கொஞ்சம் திரவத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டு சமாளிக்கிறது என்பதால்தான் ஒவ்வொரு முறையும் கறை படுவதில்லை. சட்டைப் பையில் இருந்த பேனாவும் உடல் சூட்டில்தான் கக்கியது. மை குறையக் குறைய உள்ளே காற்று கூடுகிறது. காற்று கூடக் கூட அது விரியும் அளவும் கூடுகிறது.

இதே கணக்கு விமானத்தில் இன்னும் கடுமையாகிறது. பறக்கும்போது விமானத்தின் உள்ளறை அழுத்தம், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுவரை குறைய விடப்படுகிறது. உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் உதகை போய்ச் சேர்வதற்குள் பலூன் போல உப்பியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பிரிட்டனில் ஒரு தொட்டியின் கொள்ளளவு சட்டப்படி 2 மில்லிக்கு மேற்படக் கூடாது. அது பாதி காலியாக இருந்தால் உள்ளே 1 மில்லி காற்று. மேலே போனதும் அது சுமார் 1.3 மில்லியாக விரியப் பார்க்கும். மிகுதியான 0.3 மில்லி இடத்துக்காக அதே அளவு திரவம் பஞ்சின் வழியே வெளியே தள்ளப்படும். சொட்டுக் கணக்கில் ஆறேழுக்குக் குறையாது. எனவே விமானம் ஏறுமுன் தொட்டியை முற்றிலும் காலி செய்துவிடுவதே சிறந்தது. காலி செய்ய மனமில்லாதவர்கள் அதை நன்றாக நிரப்பிக்கொள்ளலாம். விரியக் காற்று குறைவாக இருப்பதால் கசிவும் குறைவு. பாதித் தொட்டியோடு ஏறுவதுதான் மோசமான தேர்வு. பேட்டரி தீப்பிடிக்கும் அபாயம் கருதி, இக்கருவிகளைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்க விமானங்களில் அனுமதி இல்லை. கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் கைப்பையில் ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையும் இருக்கட்டும்.

வெயிலில் நிறுத்திய காரும் இதற்குச் சளைத்ததன்று. அங்கே காற்று விரிவதோடு திரவமும் இளகிவிடுகிறது, அதனால் இரட்டைத் தொல்லை.

இளகுவது என்றதும் திரவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் புதிதாகத் தொடங்குபவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். நிக்கோடினையும் வாசனைப் பொருளையும் தவிர்த்துப் பார்த்தால், புட்டியில் இருப்பது இரண்டே பொருள்கள்: புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின். முன்னது நீரைப் போல ஏறத்தாழ ஐம்பது மடங்கு பாகுநிலை உடையது. பின்னதோ, தூய நிலையில் 20 பாகையில், நீரைப் போல ஆயிரத்து நானூறு மடங்கு கெட்டியானது. சூடு 30 பாகைக்கு ஏறினால் அதன் கெட்டித்தன்மை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். குளிர்காலத்தில் உறைந்த தேங்காய் எண்ணெய்க்கும் சித்திரை மாதத்துத் தேங்காய் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு அளவுக்கு இல்லையென்றாலும், கையில் பிடித்தாலே தெரியும் வேறுபாடுதான். புட்டியின் மேல் 50:50 என்றோ 70:30 என்றோ அச்சிட்டிருப்பது இந்த இரண்டின் விகிதம். எந்த எண் கிளிசரினைக் குறிக்கிறது என்பதைப் புட்டியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

காயில்களின் துளைகளும் இரு வகைப்படும். சிகரெட்டைப் போல மெதுவாக வாயில் இழுத்துப் பிறகு நெஞ்சுக்குள் அனுப்பும் சிறு கருவிகளில் துளைகள் மிகச் சிறியவை, சுருளின் மின்தடை ஒரு ஓமுக்கு மேற்பட்டது. நேரே நெஞ்சுக்குள் இழுத்துப் பெருமளவு ஆவி விடும் பெரிய கருவிகளில் தடை ஒரு ஓமுக்கும் குறைவு, துளைகள் பெரியவை, பஞ்சும் தாராளம். சிறு துளைக்கு இளகிய 50:50 திரவமும், பெருந்துளைக்குக் கிளிசரின் மிகுந்த கெட்டித் திரவமும் பொருந்தும். பெருந்துளைக் காயிலில் இளகிய திரவத்தை ஊற்றினால், விளக்கில் தேவைக்கு மேல் எண்ணெயில் தோய்ந்த திரி தன் நுனி வழியாகவே எண்ணெயைச் சொட்டவிடுவதைப் போல, பஞ்சு தாங்காமல் உட்புறம் வழியத் தொடங்கிவிடும். மைத்துனரின் கோட்டுப் பைக்கு நேர்ந்தது இதுதான். சிறு கருவிக்கென வாங்கிய புட்டியை, ஆசைப்பட்டு வாங்கிய பெரிய கருவியில் ஊற்றியிருந்தார். விகிதத்தை மாற்றினார், ஈரம் நின்றது.

அடுத்தது ஊற்றும் முறை. மூடியைக் கழற்றிய அந்த நொடியில், தொட்டிக்குள் இருந்த குறை அழுத்தம் இல்லாமல் போகிறது. கேனின் அடிப்பாகத்தில் ஓட்டை போட்டதற்கு இது சமம். அந்த நேரத்தில் திரவத்தைத் தாங்குவது பஞ்சு மட்டுமே. அதனால் நிதானமாகப் பேசிக்கொண்டே ஊற்றுவதற்கான வேலை இது அன்று. காற்றுத் துளையை முதலில் மூடிவிட்டு, கருவியைச் சற்றே சாய்த்து, புட்டியின் நுனியைத் தொட்டியின் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஊற்ற வேண்டும். நடுவில் உள்ள புகைக்குழாய்க்குள் ஒரு சொட்டு விழுந்தாலும் அது நேரே காற்றுத் துளைக்குத்தான் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் வகுத்த விதியின்படி, மீண்டும் நிரப்பும் புட்டிகளின் மூக்கு குறைந்தது 9 மில்லிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் நிமிடத்துக்கு 20 சொட்டுக்கு மேல் தானாக விழக் கூடாது. சிந்தாமல் ஊற்றுவது அவ்வளவு முக்கியமானதாகக் கருதப்பட்டிருக்கிறது.

விளிம்பு வரை நிரப்பிவிடக் கூடாது. மேலே ஒரு சிறு காற்றிடம் இல்லாவிட்டால் மூடியைத் திருகும்போது திரவமே பஞ்சுக்குள் அழுத்தித் தள்ளப்படும். இடம் விட்டு நிரப்பினாலும் மூடியைத் திருகுகையில் உள்ளிருக்கும் காற்று சற்று அழுந்தத்தான் செய்கிறது. அதற்கு ஓர் எளிய உத்தி உண்டு: மூடியதும் கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அந்த நிலையில் காற்றுத் துளையைத் திறந்து, சில நொடிகள் கழித்து நிமிர்த்த வேண்டும். கவிழ்த்ததும் அழுந்திய காற்று காயிலின் பக்கம் வந்துவிடுவதால், மிகுதி அழுத்தம் திரவத்தைத் தள்ளாமல் பஞ்சின் வழியே காற்றாகவே வெளியேறிவிடுகிறது. முதல் முறை இதைக் கேட்டபோது ஏதோ மந்திரவாதம் என்று நினைத்தேன், ஆனால் இயற்பியல் சரியாகவே இருக்கிறது.

காற்று புகுவதற்கு இன்னொரு வழி, தொட்டியின் மூட்டுகள். கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் இடையிலும், காயிலின் கழுத்திலும், மூடியின் உட்புறத்திலும் மெல்லிய ரப்பர் வளையங்கள் இருக்கும். பிரஷர் குக்கரின் கேஸ்கெட் தளர்ந்தால் விசில் வராததைப் போல, இவற்றில் ஒன்று கிழிந்தாலோ மடிந்தாலோ தொட்டியில் குறை அழுத்தம் நிற்காது. சுத்தம் செய்வதற்காகக் கழற்றும்போது ஒரு வளையம் பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டைக்குள் போய்விடுவது அடிக்கடி நடப்பதுதான், எனவே கருவியோடு தரப்படும் உதிரி வளையங்களைத் தூக்கி எறிய வேண்டாம். மாட்டும்போது வளையத்தில் ஒரு துளி திரவத்தைத் தடவிக்கொண்டால் அது மடியாமல் வழுக்கி அமரும். மரைகளைத் திருகும்போது முதலில் எதிர்ப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, "டக்" என்று மரை விழுந்த பிறகு சரியான பக்கம் திருகினால் மரை கோணலாக ஏறாது. கை இறுக்கம் போதும். குறடு போட்டு இறுக்கினால் வளையம் நசுங்கி, அடுத்த வாரம் ஒழுகும்.

பஞ்சின் நிலையையும் பார்க்க வேண்டும். புதுக் காயிலை மாட்டித் திரவம் ஊற்றியதும் ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்திருந்தால்தான் பஞ்சு முழுவதும் நனையும். பொறுக்காமல் இழுத்தால் காய்ந்த இடம் கருகிவிடும். கருகிய பஞ்சு இழைகள் சுருங்கி இடைவெளி விடுவதால், திரவத்தைப் பற்றிக்கொள்ளும் வலு போய்விடுகிறது. கசப்புச் சுவை ஒரு பக்கம், ஒழுகல் மறுபக்கம். ஒழுங்காகப் பயன்படுத்தினாலும் பெரும்பாலோருக்கு ஒரு காயில் ஒன்றிரண்டு வாரம்தான் உழைக்கும், இனிப்புச் சேர்த்த திரவமென்றால் இன்னும் விரைவில் அடைத்துக்கொள்ளும். பாட் எனப்படும் பிளாஸ்டிக் குப்பி வகைகள் சிலவற்றில் காயிலைத் தனியே மாற்ற முடியாது. குப்பியையே மாற்ற வேண்டியதுதான்.

இழுக்கும் பழக்கமும் ஒரு காரணம் என்பதைப் பலர் ஒப்புக்கொள்வதில்லை. இழுக்கும்போது புகைக்குழாயில் அழுத்தம் குறைகிறது, அந்த வேறுபாடுதான் திரவத்தைப் பஞ்சுக்குள் ஈர்க்கிறது. கெட்டியான மில்க் ஷேக்கை ஸ்ட்ராவில் உறிஞ்சுவதைப் போலப் பலமாக இழுத்தால், சுருள் ஆவியாக்கக்கூடிய அளவைவிட அதிகத் திரவம் உள்ளே வந்து தேங்கிவிடும். பொத்தானை அழுத்தாமல் வெறுமனே இழுப்பதும், காயிலின் மேல் அச்சிட்ட வாட் அளவுக்குக் கீழே மின்சாரத்தை வைப்பதும் இதே விளைவைத் தரும். இழுக்கும்போது "களகள" என்று ஒரு சத்தம் கேட்டால் உள்ளே தேங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது தொட்டியைப் பேட்டரியிலிருந்து கழற்றி, காற்றுத் துளையைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குழல் வழியாக மெல்ல ஊதினால் தேங்கியது காகிதத்தில் வந்துவிடும்.

காற்றுத் துளையை மேற்புறத்தில் வைத்த தொட்டிகள் இதற்கெல்லாம் முடிவு கட்டிவிட்டதாக விளம்பரங்கள் சொல்கின்றன. துளை திரவ மட்டத்துக்கு மேலே இருப்பதால் தேங்கிய திரவம் மேசையில் வழியாது என்பது உண்மை. ஆனால் பஞ்சு நிரம்பி வழிந்தால் அது உள்ளேயே தேங்கி நின்று, வாய்க்குழல் வழியாகச் சூடான துளியாக நாக்கில் தெறிக்கும்.

ஒழுகியதைத் துடைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பிரிட்டனில் விற்கப்படும் திரவத்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் வரை நிக்கோடின் இருக்கலாம், நிக்கோடின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். கையில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். பழ வாசனையும் பளபளப்பும் குழந்தைகளை ஈர்க்கும் என்பதால், துடைத்த காகிதத்தைக்கூடக் குழந்தைகள் எட்டும் குப்பைக்கூடையில் போடக் கூடாது. சிறு குழந்தைகளுக்குக் கொஞ்சம் விழுங்கினாலும் ஆபத்து. திரவம் பேட்டரி இணையும் குழிக்குள் இறங்கியிருந்தால், உலர்ந்த பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து, முற்றிலும் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். பொத்தான் இல்லாமல் இழுத்தாலே இயங்கும் கருவிகளில், இழுப்பை உணரும் உணரி ஈரமானால் யாரும் தொடாமலே சுருள் சூடேறத் தொடங்கிவிடக்கூடும். அப்படி ஒருமுறை நடந்த கருவியை நம்பி மீண்டும் சட்டைப் பையில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாய்க்குழலின் நுனியில் தினமும் காணும் மெல்லிய ஈரம் ஒழுகல் அன்று. சூடான ஆவி குளிர்ந்த சுவரில் பட்டுத் துளியாவது, சோற்றுப் பானையின் மூடியில் நீர் கோப்பதைப் போல இயல்பானது, துடைத்தால் போதும். இதையும் உண்மையான ஒழுகலையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. தொட்டியை நன்றாகத் துடைத்து, அதன் இடுப்பைச் சுற்றியும் அடியிலும் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி, இரவு முழுவதும் நிமிர்த்தி வைக்க வேண்டும். காலையில் கண்ணாடியின் விளிம்பை ஒட்டி வட்டமாகக் கறை தெரிந்தால் ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும். காற்றுத் துளைக்கு நேரே மட்டும் புள்ளியாகத் தெரிந்தால் காயில் அல்லது திரவத்தின் விகிதம். காகிதம் காய்ந்தே இருந்து, பையில் போட்டுக்கொண்டு நடந்தால் மட்டும் ஈரமாகிறதென்றால், கருவியை விட்டுவிட்டு அதைச் செருகி வைக்கும் பையை மாற்றிப் பார்க்கலாம்: உடல் சூடு படாத வெளிப்பை, தலை மேலே இருக்கும்படி.